இரண்டு பேருக்கு ஒரு வண்டி

எந்த வண்டி நல்ல வண்டி என்று என்னிடம் யாராவது கேட்டால் அன்றைக்கு அவர்கள் வேலை கெட்டது. அரை மணி நேரமாவது பேசுவேன். இரண்டாயிரத்துக்குப் பிறகான பத்து வருடங்களில் நான் சொந்தமாக வைத்திருந்தது மூன்று பைக், ஒரு கார். ஊரில் இருப்பவர்களின் வண்டிகளை வாங்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, இறங்கும்போதே குறை சொன்னது தனி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் எனக்கு ஃபிட்டர் வேலை. மெஷின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரில் வண்டிகளுக்கும் தீர்ப்பு எழுதிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது என் தீர்ப்பு இதுதான்: ஓட்டும்போது முகத்தில் தானாகச் சிரிப்பு வர வேண்டும், அதுதான் வண்டி. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றனவே, அதற்கு எதற்கு வண்டி? இதைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லியே என் நண்பன் ஒருவனின் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவன் திருவாலங்காட்டுப் பக்கத்து கிராமத்துக்காரன். நெல் போடும் குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் தம்பியும் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நானும் அவனும் ஒரே வாரத்தில் ஆலையில் சேர்ந்தோம். கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை காலியாக இருந்தது, அதில் குடிவந்தான். வந்த மூன்றாம் நாளே என் அம்மா அவனுக்கும் சேர்த்து மாவு ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். "நாஷ்டா துண்ணாம போனா கால ஒடச்சிடுவேன்" என்பது அவனுக்குத் தினமும் கிடைத்த ஆசீர்வாதம். எனக்குக்கூட அவ்வளவு அன்பான மிரட்டல் கிடைத்ததில்லை.

ஆளுக்கொரு வண்டி வாங்க வழியில்லாத காலம். இரண்டு பேரும் சேர்ந்து பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்றை வாங்கினோம். சிவப்பு டேங்க், முட்டி இடிக்கும் இடத்தில் பெயின்ட் போயிருந்தது. இரண்டு பேருக்கு ஒரு வண்டி எப்படிச் சரிப்படும் என்று எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சரிப்பட்டது, காரணம் ஷிப்ட். ஒருவன் காலை ஷிப்டில் இருந்தால் மற்றவன் மதிய ஷிப்டில் இருப்பான். விடியற்காலையும் இரவும் ரயில் வசதி உண்டு. நடுப்பகலில்தான் கும்மிடிப்பூண்டி ரயிலுக்காகத் தவம் கிடக்க வேண்டும். அதனால் காலைக்காரன் ரயிலில் போவான். மதியக்காரன் இரண்டு மணிக்கு வண்டியில் வந்து ஆலை வாசலில் சாவியைக் கொடுப்பான். காலைக்காரன் அதில் கிளம்பிவிடுவான். மதியக்காரன் இரவு ரயிலில் திரும்புவான். வாரம் மாறினால் ஆள் மாறும்.

சாவி கைமாறும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை, ஆலையின் பழக்கம். ஷிப்ட் முடிந்து போகிறவன் வருகிறவனிடம் மெஷினில் என்ன கோளாறு என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் கையுறையைக் கழற்றலாம். "மூணாவது பேரிங் சூடாவுது, பாத்துக்கோ." அவ்வளவுதான். சொல்லிவிட்டால் அது வருகிறவன் பொறுப்பு. சொல்லவில்லை என்றால் கோளாறே இல்லை என்று அர்த்தம். வருகிறவன் போய்ச் சோதித்துப் பார்க்க மாட்டான். சோதித்துப் பார்த்தால் போனவனை நம்பவில்லை என்று ஆகிவிடும், அது பெரிய அவமானம். வண்டிக்கும் நாங்கள் இதையே வைத்திருந்தோம். "பின் பிரேக் கம்மியா இருக்கு." "க்ளட்ச் ஒயரு பிரிஞ்சிக்கினு இருக்கு." "ரிசர்வ்ல ஓடுது." ஒன்றும் சொல்லாமல் சாவி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இப்போதைய வண்டிகளில் அது இல்லை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் எங்கள் வண்டியில் கிடையாது. டேங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு டேப் இருக்கும். பெட்ரோல் தீரப் போகிறபோது வண்டி இருமும். ஓடும்போதே கையைக் கீழே விட்டு டேப்பை ரிசர்வ் பக்கம் திருப்பினால், அடியில் மிச்சம் இருப்பதில் இன்னும் நாற்பது கிலோமீட்டர் போகலாம். அந்த இருமல்தான் எச்சரிக்கை. டேப் ஏற்கெனவே ரிசர்வில் இருந்தால் எச்சரிக்கை இல்லை, வண்டி ஒரேயடியாக நின்றுவிடும்.

அந்த வண்டியை நான் கொண்டாடினேன். ஆக்சிலேட்டரைத் திருகினால் அடிவயிற்றில் ஒரு குறுகுறுப்பு. பெரியபாளையம் சாலையில் புளியமர நிழலில் மூன்றாவது கியரில் போகும்போது எழும் அந்தப் படபடப்புச் சத்தத்துக்கு ஈடாக நான் பிறகு ஓட்டிய எதையும் சொல்ல மாட்டேன். அவனுக்கும் அது பிடிக்கும், ஒப்புக்கொள்ள மாட்டான். ஆனால் அந்தச் சத்தத்தை என்னைவிட அதிகம் ரசித்தது அவன் அம்மா. வாரம் ஒரு தடவை ஊருக்குப் போவான். ஏரிக்கரைத் திருப்பத்தில் சத்தம் கேட்கும்போதே அடுப்பில் உலை வைத்துவிடுவாராம். நான் ஒருமுறை தனியாகப் போயிருந்தேன், மகன்தான் வருகிறான் என்று வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நீயும் என் புள்ளதான். கை கழுவு" என்றார்.

அந்த அம்மாவுக்கு இழுப்பு நோய். மழைக்காலம் வந்தால் மூச்சுக்குத் தவிப்பார். இதனால்தான் எங்களுக்குள் சண்டையே வந்தது. எங்கள் வண்டி பத்து நாளைக்கு ஒருமுறை பிளக் அடைத்துக்கொண்டு நிற்கும். பெட்ரோலைக் குடிக்கும், ஆயிலையும் குடிக்கும், புகையை ஊர் மேல் விடும். அவன் இதை விற்றுவிட்டு நூறு சிசி ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்று வாங்கலாம் என்றான். அப்போது ஆலையில் பாதிப் பேர் அதற்கு மாறியிருந்தார்கள். லிட்டருக்கு இரண்டு மடங்கு தூரம் ஓடும். ஓர் உதை, கிளம்பிவிடும். சத்தமும் இல்லை, சுவையும் இல்லை.

"அது தையல் மெஷின்டா" என்றேன். "அதுல உக்காந்தா தூக்கம் வரும். ரிட்டயர் ஆனப்புறம் வாங்கிக்கலாம்."

"எனக்கு ஜாலி வேணாம்டா. நெனச்ச நேரத்துக்கு ஊரு போய்ச் சேரணும். எங்கம்மாவுக்கு ஒண்ணுன்னா நடுவழியில பிளக்கக் கழட்டி ஊதிக்கினு நிக்க முடியுமா?"

"உங்கம்மா நூறு வருஷம் இருப்பாங்க. ஒனக்கு ஓட்டத் தெரியல, அதான் வண்டி நிக்குது."

"ஒங்கம்மா ஊட்லயே இருக்காங்க. ஒனக்கு இன்னா தெரியும்?"

இதுதான் சண்டை. எழுதிப் பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கிறது. எனக்கு உறைத்தது அந்தக் கடைசி வரி. ஏன் உறைத்தது என்றால் அவன் சொன்னது சரி. இரண்டு நாள் பேசவில்லை. அம்மா தட்டை வைத்தால் அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. "இன்னாங்கடா பேஜாரு பண்றீங்க" என்று அம்மா இருவரையும் திட்டினாள்.

மூன்றாம் நாள் அவன் காலை ஷிப்ட், நான் மதிய ஷிப்ட். ஒன்றே முக்கால் மணிக்கு ஆலைக்குத் திரும்பும் இடத்தில் வண்டி இருமியது. குனிந்து டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினேன். பெட்ரோல் பங்க் நெடுஞ்சாலையின் அந்தப் பக்கம். நான்குவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது, சுற்றிக்கொண்டு போக வேண்டும், கார்டு அடிக்க நேரமாகிவிடும். அவனிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

வாசலில் அவன் நின்றிருந்தான். முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினான். அந்த நீட்டின கையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் பேச வேண்டியவன் அவன், நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று தோன்றியது. சாவியை உள்ளங்கையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அத்தனை வருடங்களில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நான் சாவி கொடுத்தது அன்று ஒரு நாள்தான்.

கார்டு அடித்துவிட்டு உடை மாற்றும்போது செக்யூரிட்டி சொன்னார்: "ஒன் கூட்டாளி அம்மாவுக்கு ரொம்ப முடியலயாம்ப்பா. அரை மணி முன்னாடி போன் வந்துச்சு. ஊருக்குத்தான் ஓடுறான்." அவனும் என்னிடம் சொல்லவில்லை. கையை நீட்டும்போது அவனுக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் எடுபடவில்லை. தாய்க்கு முடியாதவன் பேசாமல் இருப்பதும் வெறும் வீம்பில் இருப்பவன் பேசாமல் இருப்பதும் ஒன்றாகுமா?

ஓடிப்போய் வாசலில் பார்த்தேன். புகைகூட இல்லை. பெரியபாளையத்தில் பங்க் இருக்கிறது, நிச்சயம் நிறுத்திப் போட்டுக்கொள்வான் என்று சொல்லிக்கொண்டேன். எதற்கு நிறுத்துவான்? ஒன்றும் சொல்லாமல் சாவி வந்திருக்கிறது. இருமினால் ரிசர்வ் இருக்கிறது, அதில் திருவள்ளூர் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் எவனும் கணக்குப் போடுவான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரவு பத்து மணி வரை மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெங்கல் தாண்டி இரண்டு பக்கமும் வயலாக இருக்கும் இடத்தில் வண்டி நின்றது. கையைக் கீழே விட்டிருக்கிறான். டேப் ஏற்கெனவே ரிசர்வில் இருந்திருக்கிறது. தள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறான். ஒரு பஸ் நிற்காமல் போனது. அரை மணி நேரத்துக்குப் பிறகு மொபெட்டில் பால் கேனோடு வந்த ஒருவர் தன் காலால் இவன் வண்டியை உந்தித் தள்ளிக்கொண்டே பங்க் வரை கொண்டுபோய்விட்டார். பெட்ரோல் போட்ட பிறகும் வண்டி உடனே கிளம்பவில்லை, அதன் குணம் அப்படி. ஊர் போய்ச் சேரும்போது ஐந்து மணி. அம்மா நாலரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆலையிலிருந்து நாலு பேர் போனோம். ரயிலில், சென்னை வரை போய், அங்கே மாறி, திருவாலங்காட்டில் இறங்கி நடந்தோம். அவன் தம்பி என்னிடம் வந்து உட்கார்ந்தான். விவரம் தெரியாத பிள்ளை, எல்லோரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னான்.

"அம்மா நாலு மணி வரைக்கும் நெனவாத்தான் இருந்தாங்கண்ணா. ரோட்ல எந்த வண்டி சத்தம் கேட்டாலும் காது குடுத்துக் கேட்டாங்க. அப்புறம், இது இல்லன்னு தலைய ஆட்டினாங்க. நாலஞ்சு வண்டிக்கு அப்படி ஆட்டினாங்க. நான்தான் பால் ஊத்தினேன். அண்ணன் சத்தம் ஏரிக்கரையில கேட்டப்போ கெழவிங்கல்லாம் ஓன்னு அழுதுட்டாங்க."

அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் அந்த வண்டியை விற்க விடாமல் பிடித்து வைத்திருந்தேன்.

நண்பன் மொட்டை போட்டிருந்தான். என் பக்கத்தில் வந்து நின்றான். சண்டை எதுவும் நடக்காத மாதிரி என் தோளில் கை வைத்தான். "டேப்பு ரிசர்வ்லயே இருந்திருக்குடா" என்றான். "முந்தின நாள் நான்தான் தட்டிட்டு மறந்திருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். "நீ…" என்று ஆரம்பித்தேன்.

"நீ தட்டியிருந்தா சொல்லியிருப்ப. நீ சொல்லல. அப்ப நான்தான்" என்றான்.

ஆலையின் பழக்கம் அவனுக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. எங்கள் சண்டையைக்கூட அவன் கணக்கில் சேர்க்கவில்லை. கோபத்தில் நான் அதைச் சொல்லாமல் விட்டிருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டானே தவிர என்னைச் சந்தேகப்படவில்லை. அங்கேயே காலில் விழுந்திருக்க வேண்டும். சுற்றி ஆட்கள் இருந்தார்கள், பறை அடித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தப் பிறகு வர ஏழு வருடம் ஆனது.

சிவப்பு வண்டியை விற்றோம். நானே ஆள் பிடித்து விற்றேன். அவன் நூறு சிசி வாங்கினான். நான் வீம்புக்கு நூற்றைம்பது சிசி ஒன்று வாங்கினேன், பெரிய டேங்க், அகலமான டயர், பார்ப்பதற்கு மிடுக்கு. அதில் என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேகம் இருந்தது, ஓட்டினால் சிரிப்பு மட்டும் வரவில்லை. இரண்டு வருடத்தில் அதை விற்று நானும் ஒரு நூறு சிசிக்கு வந்து சேர்ந்தேன். அது ஒரு நாளும் நிற்கவில்லை. பிளக்கை நான் கண்ணால் பார்த்ததே சர்வீஸில்தான். நம்பகம் என்பது இவ்வளவு சப்பென்று இருக்கும் ஒரு விஷயம், இதற்காகவா அவனோடு அப்படி மல்லுக்கு நின்றேன் என்று ஓட்டும்போதெல்லாம் தோன்றும்.

அவனுக்கு வேறு ஒரு வழக்கம் வந்துவிட்டது. டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விட மாட்டான். பாதி ஆனதும் நிரப்பிவிடுவான். தினமும் டேப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உதைப்பான். ஆலையில் இவனை வைத்து ஒரே கிண்டல். "இன்னா நைனா, பங்க்கையே ஊட்டுக்கு எட்தாந்துட வேண்டியதுதான" என்பார்கள். அவனும் சிரிப்பான். "எனக்கு ஞாபக மறதி ஜாஸ்திப்பா" என்பான். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

கல்யாணம் ஆகி கும்மிடிப்பூண்டியிலேயே வீடு பார்த்துக்கொண்டு போனான். பெண் குழந்தை பிறந்தது. ஆலை வேலையை விட்டுவிட்டு ஒரு டீசல் கார் வாங்கி, தொழிற்பேட்டைக்கு வரும் விருந்தாளிகளை அழைத்துப்போய் வரும் தொழிலில் இறங்கினான். அவனைத்தான் எல்லாக் கம்பெனிகளும் கேட்டன, சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்த மாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். அம்மா அவனுக்கென்று வஞ்சிரம் வாங்கி வைப்பாள். எங்களுக்குள் அந்தப் பழைய வாக்குவாதம் மட்டும் திரும்ப வரவில்லை. வண்டிப் பேச்சு வந்தால் அவன் பக்கத்தையே நானும் பேசுவேன்.

நானும் ஒரு பழைய கார் பார்க்கலாம் என்று முடிவு செய்தபோது அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். வேப்பம்பட்டில் ரயில் நிலையம் பக்கம் ஒருவர் தன் காரை விற்பதாகச் சொன்னார்கள். சாம்பல் நிறம், பெட்ரோல் வண்டி, ஒரே கையில் இருந்தது. அவன் கீழே படுத்துப் பார்த்தான், ஆயில் மூடியைத் திறந்து மோந்தான், தெருவில் இரண்டு சுற்று ஓட்டினான். அரை மணி நேரம் சந்தோஷமாகக் குறை தேடினான், கிடைக்கவில்லை. "எட்துக்கோ" என்றான். "ஜாலியா இருக்காது. ஆனா நிக்காது." பேசி முடித்துவிட்டு அவன் காரில் திரும்பினோம். நான் எப்போதும் போல முன் சீட்டில்.

வழியில் ஒரு பங்க் வந்தது. முள் பாதிக்கு மேல்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்திப் போட்டான். திரும்ப வந்து உட்காரும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்.

"பொண்ணு கேக்குறா, ஏம்பா எப்பவும் ரொப்பிக்கினே இருக்கன்னு. ஒங்கப்பன் ஒரு மறதிக்காரன், அவன் மறதியால ஒங்க பாட்டி அவனப் பாக்காமலே போய்ட்டாங்கன்னு சொல்லிட்டேன். அஞ்சு வயசு ஆவப் போவுது, தெரிஞ்சிக்கட்டுமே."

என்னால் முடியவில்லை. அந்தக் குழந்தை வரைக்கும் போய்விட்டதே என்று இருந்தது.

"நீ மறக்கல" என்றேன். "அன்னிக்கு ரிசர்வ் தட்டினது நான். ஆலைக்குத் திரும்புற எடத்துல. சொல்லாம சாவியக் குட்த்தேன்."

அவன் காரை நிறுத்தவில்லை. அதே வேகத்தில்தான் போனது. ஒரு லாரிக்கு வழி விட்டான். பிறகு கேட்டான்.

"மறந்துட்டியா? தெரிஞ்சே சொல்லலயா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருப்பான். "தெரிஞ்சேதான்" என்றேன்.

பெரியபாளையம் வந்ததும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"இத்தினி வருஷம் என் மேலயே கோவமா இருந்துட்டேன்டா. அது பழகிப்போச்சு. அத வச்சிக்கினு நான் எப்படியோ ஓட்டிக்கினு இருந்தேன். இப்போ ஒன் மேல கோவப்படச் சொல்ற. எப்படிப் படறதுன்னே தெரியல."

எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினான். இறங்கினேன். அம்மா உள்ளேயிருந்து, "மீனு வறுத்து வச்சிருக்கேன், துண்ணுட்டுப் போடா" என்று அவனைக் கூப்பிட்டாள். "வேல இருக்கும்மா, இன்னொரு நாளு" என்றான். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. நான் இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போனேன். கார் நிற்கும், அவன் மனைவி கதவருகில் வந்து, "அவரு ஊட்ல இல்லண்ணா" என்று தலையைக் குனிந்துகொண்டே சொல்வாள். அம்மா ஞாயிறு தோறும் கேட்பாள். அவனுக்குச் சவாரி அதிகம் என்று சொல்லி வைத்தேன். நான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை, அவனும் சொல்லியிருக்க மாட்டான்.

அடுத்த வருட மழைக்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. என் தம்பி எங்கள் சாம்பல் நிறக் காரிலேயே அவளைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கார் நிற்காமல் போய்ச் சேர்ந்தது, அதைத் தேர்ந்தெடுத்தவன் அப்படி. இரண்டு நாள் தேறி வருவதாகச் சொன்னார்கள், நானும் வேலைக்குத் திரும்பியிருந்தேன். மூன்றாம் நாள் மதியம் தம்பி போன் செய்தான். "அண்ணே, ஒடனே வரச் சொல்றாங்க." கார் சென்னையில் தம்பியிடம் இருந்தது, ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. வாசலுக்கு ஓடி வந்தேன்.

அவன் கார் நின்றிருந்தது. தம்பிக்கு எங்கள் விஷயம் தெரியாது, எனக்கு முன்னாலேயே அவனுக்குப் போன் செய்திருக்கிறான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கி வந்து பின் கதவைத் திறந்துவிட்டான். கம்பெனி விருந்தாளிகளுக்குத் திறப்பதைப் போல, மரியாதையாக. எனக்கு அவன் கதவு திறந்ததே கிடையாது. ஏறி உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் பத்து நிமிடம். மழை, வழியெல்லாம் லாரி, பாலம் வேலை. அவன் எங்கேயும் பதறவில்லை, எங்கேயும் தயங்கவில்லை. நான் அவனுடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. எனக்காக அவன் ஓட்டுகிறான், என் அம்மாவுக்காக ஓட்டுகிறான், அந்த நேரத்தில் என் பாரத்தை அவன் மேல் இறக்கி வைக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது சரியான காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் மாடியைக் கைகாட்டி, "போ" என்றான். ஒன்றரை வருடத்தில் அவன் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை.

அம்மாவுக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்க்கை நகர்த்தச் சொல்லி, "இவ்ளோ சீக்கிரம் எப்படிடா வந்த?" என்று கேட்டாள்.

"அவன்தாம்மா கூட்டினு வந்தான்."

அவள் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வேன். "அவன மேல கூப்புடு" என்றாள். "பாத்து எத்தினி நாளாச்சு."

படி இறங்கி ஓடினேன். கார் நின்ற இடத்தில் ஓர் ஆட்டோ நின்றிருந்தது. தெரு முனை வரை போய்ப் பார்த்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. திரும்ப மேலே வந்தேன்.

"வண்டி விட எடமில்லம்மா. கொஞ்ச தூரத்துல விட்டுட்டு வர்றான்" என்றேன்.

சரி என்று தலையசைத்தாள். என் கையை விட்டுவிட்டு, கதவுப் பக்கமாகத் தலையைத் திருப்பி வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் பார்த்தாள். நர்ஸ் வந்தாள், தம்பி வந்தான், பக்கத்துக் கட்டில்காரர்கள் வந்தார்கள். ஏழு மணிக்குப் பிறகு கதவு திறந்தபோது அவள் பார்க்கவில்லை. போய்விட்டிருந்தாள்.